அடியாள் வேஷத்தில் அம்மாவின் தம்பி

தொலைக்காட்சியில் அடி வாங்குகிற அடியாளைப் பார்த்து அழுகிற ஒரே பொம்பளை எங்கள் தோட்டத்து லய வீடுகளில் என் அம்மாதான். கதாநாயகன் ஒரு குத்து விட்டதும் வில்லனுக்குப் பின்னால் நிற்கிறவர்களில் ஒருவர் மேசையோடு உடைந்து விழுவார். அவருக்கு வசனம் கூடக் கிடையாது. "பாவி, மெதுவா அடிச்சா கொறஞ்சா போயிருவான்?" என்று அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்துவாள்.

அந்த அடியாளைத்தான் அவள் தன் தம்பி என்று நம்பினாள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது, என் கெட்ட நேரம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அம்மாவைப் பெற்றவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதற்குள் அம்மாவை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று, அதனால் அவள் இந்தப் பக்கம். பதுளை ஸ்டேஷனில் சின்னத் தம்பியின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்தபடியே ஓடினாளாம். அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயரே ஒப்பாரிக் கோச்சி. கோத்தகிரியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. தம்பிக்கு இடது புருவத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு உண்டு. இந்த நடிகருக்கும் அதே புருவத்தில் ஒரு வெட்டு. அம்மாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடியாளாக இருந்தவர் பிறகு ஏட்டையா ஆனார். ஒரு படத்தில் இரண்டு வரி பேசியும் விட்டார். மறுநாள் காலையில் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் கொழுந்துக்குப் போக நின்ற பெண்களிடமெல்லாம் அம்மா அந்த இரண்டு வரியையும் பேசிக் காட்டினாள். தலை நரைத்ததும் அவர் சீரியலுக்கு வந்தார். மூன்று பெண்களைப் பெற்று, எதற்கெடுத்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அப்பா வேஷம். தம்பி தினமும் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரி ஆகிவிட்டது அம்மாவுக்கு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் அவள் வாயில் விழுகிறவன் பாடு அவ்வளவுதான்.

ஒரு பண்டிகைப் பேட்டியில், தனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்று அவரே சொன்னார். அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

"இப்ப என்னம்மா சொல்ற?"

"ஆமா, அப்படித்தான் சொல்லுவான். சிலோன்காரன்னு சொன்னா அங்க எவன்டி வேல குடுப்பான்? போன சனம் ஊர மறைச்சுத்தானே பொழச்சிச்சு?"

அதுவும் நடந்ததுதான். திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அதையே தன் பக்கச் சாட்சியாக்கிவிடுகிறவளிடம் என்னத்தைப் பேசுவது? எரிச்சலில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

போன வருஷம் ஒரு மாலை, சீரியலில் அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். முகம் வேறு. கீழே ஒரு வரி ஓடியது: இனி இவருக்குப் பதிலாக இவர். மனைவியும் பெண்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது ஆளிடம் காப்பியை நீட்டினார்கள்.

"எங்கடி அவன்? என்னாச்சு, பாருடி!"

நான் பதுளை டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். வேலைக்கு நடுவிலும் பஸ்ஸிலும் போனில் தேடினேன். பெரிய நடிகர் தும்மினால் செய்தி வரும், இவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சில மாதம் கழித்து ஏதோ ஒரு யூடியூப் சேனலில் வந்தார். சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கியிருந்தது. "நடிச்ச வரைக்கும் எல்லாரும் அப்பான்னாங்க. இப்ப எட்டிப் பாக்க ஆளில்லீங்க" என்றார்.

"ஆளில்லையாமே! குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி இருக்கேனே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு என் போனைப் பிடுங்கி வாய்க்கு நேரே வைத்துப் பேசினாள். "தம்பி, அக்கா பேசுறேன்பா. நீ எந்த ஊருன்னு வேணும்னாலும் சொல்லிக்க, எனக்குக் கோவமில்ல. முடியலைன்னா இங்க வந்துரு. நான் பாத்துக்கிறேன்."

அவள் பேசியதைப் பதிவு செய்து அந்தச் சேனலுக்கு அனுப்பினேன். யாரும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "பதில் வந்துச்சா?" என்று தினமும் வாசலில் நின்று கேட்பாள். கொன்றுபோடலாம் போல் ஆத்திரம் வரும், அவள் மேல் அல்ல. யார் மேல் என்றும் தெரியவில்லை.

அவர் இறந்துபோன செய்தியும் அதே சேனலில்தான் வந்தது. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நடுவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் வெறும் நடிகர்தானே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அவர்களுக்கும் கோச்சியில் போனவர்கள் உண்டு.

"மொகத்தையாவது காட்டுடி, கடைசியா ஒருக்கா பாத்துக்கிறேன்" என்றாள். சேனலில் வந்த சாவு வீட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அதில் என்ன வரும் என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு கிழவி விழுந்து கிடந்தாள். அவருக்கிருந்த அதே மூக்கு, அதே தாடை, அச்சில் வார்த்த மாதிரி. "என் கூடப் பொறந்தவனே, புதுக்கோட்டையிலேருந்து ஓடியாரதுக்குள்ள போயிட்டியே!" என்று கத்தினாள். கீழே "அக்கா கதறல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அம்மாவின் அழுகை பாதியில் நின்றது.

"யாருடி இது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவரோட அக்காம்மா."

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தரவில்லை.

"பாவம், நல்லா அழுவட்டும். அவளுக்கு ஒடம்பாச்சும் கெடைச்சிச்சு" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் தம்பி எங்கடி?"