அண்ணி கூட்டாமல் சொன்ன நாள்

என் அண்ணி மாதிரி பயப்படுகிற பிறவியை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் கழன்றிருக்குமோ என்று இன்னொரு தரமும் வருவார். மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டார். பஸ் ஓட்டுகிற என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே பின்வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அவசரத்துக்குக் குதிக்க வசதியாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணிக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கடல் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று தினமும் காலையில் ஊருக்குச் சொல்வது.

எங்கள் கடற்கரையின் ஓரத்தில் பாறை முனை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அலை முதலில் அதன் நுனியில் உடையும். பிறகு பாறையை ஒட்டியபடியே, துணி கிழிவது போல ஒரே சீராகக் கிழிந்துகொண்டு, உள்ளே இருக்கிற மணல் வளைவு வரைக்கும் ஓடும். அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். நுனியில் பலகையில் ஏறி நின்றால் மணலில் வந்து இறங்கலாம். தவறி விழுந்தால் பாறை. "சொர்க்கத்துக்கு அதுவும் ஒரு வழிதானே" என்று அண்ணன் ஒருமுறை சொல்லிவிட்டார். அண்ணி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

முனைக்குப் போகிற தெருவில் கீழே என் பட்டறை. உடைந்த சறுக்குப் பலகைகளை ஒட்டித் தேய்த்துப் பூசிக் கொடுக்கிறேன். எந்நேரமும் பிசின் வாடை, தலையெல்லாம் வெள்ளைத் தூசு. மாடியில் அண்ணியின் அறை. இரண்டு கணினித் திரை, ஒரு மின்விசிறி, கம்பி போட்ட ஜன்னல். நடுக்கடலில் கட்டிப்போட்டிருக்கிற மிதவை அனுப்பும் கணக்கு ஒரு திரையில் ஓடும்: அலை எவ்வளவு உயரம், ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி. மற்றதில் காற்று. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, விசிறியை நிறுத்தி, போனைத் துண்டில் சுற்றி வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு அண்ணி காலைச் செய்தியைப் பேசி அனுப்புவார். அது கடற்கரையில் இருக்கிற அத்தனை பேர் போனுக்கும் போகும். சம்பளம் கொடுப்பவர் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிற முதலாளி.

எங்கள் கரையில் அலையை அடிக்கணக்கில் சொல்வதில்லை. உடம்புதான் அளவுகோல். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை. இதில் அண்ணி பயத்துக்கென்று ஒரு படி கூட்டித்தான் சொல்வார். மிதவை இடுப்பு என்றால் இவர் நெஞ்சு என்பார். கடைசியில் மறக்காமல் "ஜாக்கிரதை" என்று முடிப்பார். அவருக்குப் பெயரே ஜாக்கிரதை அக்கா என்று ஆகிவிட்டது. ஊரும் லேசுப்பட்டதல்ல. அவர் ஒரு படி கூட்டுவார், ஊர் ஒரு படி கழித்துக்கொள்ளும், கணக்கு நேராகிவிடும். புதிதாக வருகிறவனுக்கு நீச்சலுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். "அக்கா சொல்றதுல ஒரு படி கழிச்சுக்கப்பா." இது அண்ணிக்கும் தெரியும், ஆனாலும் கூட்டுவதை நிறுத்தியதில்லை. புலி வருது கதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கதையில் வருகிறவன் பொய்யன். அண்ணிக்கு நிஜமாகவே ஒவ்வொரு நாளும் புலி தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள். முதலாளியின் பள்ளியில்தான் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறாள். அம்மா கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை, நீச்சலும் தெரியாது. மகளோ தண்ணீரில் இருந்து வெளியே வருவதே சாப்பிடுவதற்குத்தான். போன மாதம் பாறையோரம் விழுந்ததில் அவளுக்கு வலது தோள் கழன்றுவிட்டது. டாக்டர் அதை மாட்டிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். "நெஞ்சு உயரம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணிக்குள்ள மறுபடி கழண்டா ஒத்தைக் கையால நீந்தணும்." அன்றிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. பாத்திரம் கழுவும்போதுகூட "ஒத்தைக் கையால" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிற எனக்கே என்னவோ செய்யும்.

அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி மாடியேறி வரவேண்டும்?

"அக்கா, நீங்க சொல்றதைக் கேட்டுட்டு வெளியூர்க்காரங்க வந்த வழியே திரும்பிப் போயிடறாங்க. மிதவை சொல்றதை அப்படியே சொல்லுங்க. உங்க பயத்தை அதுல கலக்காதீங்க. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அண்ணியின் முகம் சிறுத்துப்போயிற்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு இருக்கற ஆள் இல்லைங்க எங்க அண்ணி. அவங்களுக்குச் சாண் வேற, முழம் வேற" என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அண்ணி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நான் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் அண்ணியின் குரல் வந்தது. "முனையில அலை தலை உயரம். இடைவெளி ரொம்ப நீளம். காத்து நிலத்துலேர்ந்து அடிக்குது, கடல் வழவழன்னு இருக்கும். தண்ணி வத்திக்கிட்டிருக்கு, நுனிப் பாறை வெளியில தெரியும். ஜாக்கிரதை." வழக்கமான செய்திதான். மகள் ஈரத் தலையோடு உள்ளே வந்து தன் பலகையை எடுத்தாள்.

"தலைன்னா நெஞ்சு. டாக்டர் போட்ட கோட்டைத் தாண்டலை சித்தப்பா. வகுப்புக்கு முன்னாடி ஒரு ஆட்டம் போட்டுட்டு வந்துடறேன்."

வாசலில் நின்று கடலைப் பார்த்தேன். தாம்பாளத் தட்டு மாதிரி கிடந்தது. நெஞ்சுகூட இருக்காது என்று நினைத்துக்கொண்டு மறுபடி தேய்க்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி இருந்தார்.

"தம்பி, இன்னிக்கு நான் ஒண்ணும் கூட்டலை."

"கூட்டலையா?"

"மிதவை தலைன்னுச்சு. நானும் தலைன்னே சொன்னேன். அவளுக்கு நெஞ்சு வரைக்கும்தானே உத்தரவு? தலைன்னா எப்படியும் இறங்கமாட்டா. அப்புறம் எதுக்குக் கூட்டி, அந்த ஆள்கிட்ட பேச்சு வாங்கணும்? ஆமா, எங்க அவ? இன்னும் எழுந்திரிக்கலையா?"

என்னையறியாமல் அவள் பலகை இருக்கும் மூலையைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. அந்த நேரத்திலும் அவர் டீ டம்ளர்களை மேஜை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார். பிறகு ஓட ஆரம்பித்தார்.

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. செருப்பில்லை, கைப்பிடி இல்லாத பாறைப் படிகள், பாசி வேறு. நான் பின்னால் ஓடியபடியே கரைக்காவல் படகுக்காரனுக்குப் போன் போட்டேன். "யாரு, ஜாக்கிரதை அக்கா அனுப்பினாங்களா?" என்று சிரித்தான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சிரிப்பு நின்றது. படகை எடுப்பதாகச் சொன்னான்.

முனையில் சத்தமே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. இடைவெளி நீளம் என்றால் அலை எங்கோ ரொம்ப தூரத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் கடல் வெகுநேரம் சும்மா கிடக்கும். பார்க்கிறவன் இன்றைக்கு ஒன்றுமில்லை என்று உள்ளே போவான். அப்புறம் பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வரும். அவள் நுனிக்கு வெளியே பலகையில் காலைத் தொங்கப்போட்டு, கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மணலில் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அவள் ஒருத்திதான்.

"வெளியே போடீ! ஆழத்துக்குப் போ!" அண்ணி கத்தினார். அலை நுனியில் வந்து உடைவதற்குள் அதைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டால்தான் தப்பலாம். இரண்டு கையையும் ஆட்டினார். மகள் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினாள். ஏன் ஆட்டமாட்டாள்? அண்ணி இந்த முனைக்கு வந்து கத்துவதும் கை ஆட்டுவதும் வாரத்தில் பாதி நாள் நடக்கிற கூத்து. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா இழுத்து வந்திருக்கிறாள் பாவம் என்று என்னைப் பார்த்தும் கையாட்டினாள். மணலில் யாரோ விசிலடித்தார்கள். இவர் சொல்லில் கழித்த மாதிரியே இவர் அலறலிலும் ஒரு படி கழித்துவிட்டது ஊர்.

அண்ணி கத்துவதை நிறுத்தினார். தொடுவானத்தைப் பார்த்தார். அங்கே கடலின் நிறம் ஒரு கோடாகக் கறுத்திருந்தது. பாறையில் உட்கார்ந்து, சறுக்கி, தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"அண்ணி! வேணாம்!"

முழங்கால். இடுப்பு. கணுக்காலுக்கு மேல் நனையாத மனுஷி. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் நீட்டி அந்தக் கறுத்த கோட்டைக் காட்டினார். கத்தவில்லை. காட்டிக்கொண்டே நின்றார்.

மகளின் கை பாதியில் நின்றது. அம்மா தண்ணீரில் நிற்பதில் எதைக் கழிப்பாள்? திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தாள். அடுத்த நொடி பலகையில் குப்புற விழுந்து ஆழத்தை நோக்கிக் கைகளால் துழாவ ஆரம்பித்தாள்.

முதல் அலையின் முதுகில் ஏறி மறுபக்கம் விழுந்தாள். இரண்டாவதின் உச்சியில் ஒரு கணம் செங்குத்தாக நின்றாள், அதையும் தாண்டினாள். மூன்றாவது அவளுக்கு முன்னாலேயே சுவராக எழுந்து மடங்கியது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் உடைந்த அலையின் நுரை வந்து அண்ணியைத் தூக்கியது. நான் பாய்ந்து அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தேன். இரண்டு பேரும் பாறையில் உருண்டோம். எனக்கு மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர், கை கால் வசமில்லை. செத்தோம் என்றே நினைத்தேன். எப்படியோ மேலே இழுத்துப் போட்டபோது அவர் முழங்கால் இரண்டும் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பலகை மட்டும் வந்தது. அவள் காலோடு கட்டியிருந்த கயிறு அறுந்த பலகை. எங்கள் கண்ணெதிரே பாறையில் மோதி இரண்டாக ஒடிந்தது.

"ஒத்தைக் கையால" என்றார் அண்ணி. "ஒத்தைக் கையால, ஒத்தைக் கையால." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டா இவர் இத்தனை காலம் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார் என்று தோன்றியது.

கடல் மறுபடி அடங்கியது. வெள்ளை நுரை நடுவே கறுப்பாக ஒரு புள்ளி. தலை. மல்லாந்து மிதந்தபடி, இடது கையை மட்டும் அசைத்துக்கொண்டு நீரோட்டத்தோடு முனையை ஒட்டி உள்ளே வந்துகொண்டிருந்தாள். படகுக்காரன் அவளைத் தூக்கிப்போட்டான். மணலில் இறக்கியபோது முகம் காகிதமாக வெளுத்திருந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எங்க?"

ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒருத்திக்குத் தோளையும் ஒருத்திக்கு முழங்காலையும் கட்டினார்கள். மகள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கேவிக் கேவி அழுதாள்.

"உனக்கு நீச்சல் தெரியாதேம்மா. ஏம்மா இறங்கின? நான் தண்ணிக்குள்ள என்னை நினைச்சே பயப்படலை. நீ அங்கேயே நிக்கிறியோன்னுதான் உயிர் போச்சு. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதைத்தான்டி நானும் தினம் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணி. அதட்டலாகச் சொல்லத்தான் பார்த்தார், முடியவில்லை.

அடுத்த நாள் காலை முதலாளி மாடி வாசலிலேயே நின்று, "நீங்க எப்படிச் சொன்னாலும் சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். கடல் தணிந்திருந்தது. மிதவை முழங்கால் என்றது. அண்ணி போனைத் துண்டில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் "முழங்கால் உயரம்" என்று அனுப்பினார். கீழே என் வாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். "அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கலாம்ல? கழிக்க வேணாமே?" வேண்டாம் என்றேன். பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களும் போனார்கள்.

மேலே போய்ப் பார்த்தேன். அண்ணி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். புடைத்த நரம்பெல்லாம் தெரிந்தது.

"முழங்கால்தானே அண்ணி? இதுக்குமா?"

"நேத்து வரைக்கும் நான் சொன்னதை யாரும் அப்படியே நம்பினதில்லை தம்பி. அதனால நிம்மதியா பயந்துக்கிட்டிருந்தேன்." கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. "இப்ப நம்பிட்டுப் போறாங்களே."

எனக்குக் கீழே தலைக்கு மேல் வேலை கிடந்தது. கடைசி ஆள் கரையேறுகிற வரைக்கும் நானும் அவர் பக்கத்திலேயே நின்றேன்.