பச்சைக் கை, நீலக் கை: உம்மாவோடு கற்பிட்டி ட்ரையத்லன்

கடந்த ஏப்ரல் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் உம்மாவும் எங்கள் ஊர் தில்லையடியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் ஒரு ட்ரையத்லன் போட்டிக்குப் போய் வந்தோம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டி அது. போட்டியிட்டது உம்மா. எனக்குப் பதினைந்து வயது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும். நான் போனது பை தூக்க.

இப்படி ஒரு பயணத்துக்குத் தமிழில் எந்த விவரமும் கிடைக்கவில்லை. அதுவும் பிள்ளையைத் தனியாக வளர்க்கிற ஒரு தாய் போட்டிக்குப் போனால் பிள்ளை எங்கே நிற்கும், யாரோடு நிற்கும் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். உம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள், அவருடைய போனிலேயே. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் அடுத்த போட்டிக்குப் போகமாட்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உம்மா பிறந்தது களப்பு என்று நாங்கள் சொல்கிற கடலேரிக்கு அந்தப் பக்கம் உச்சமுனைத் தீவில், மீன்பிடிக் குடும்பத்தில். நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவர். எனக்கு நாலு வயதில் வாப்பாவுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து உம்மாவின் தையல் மெஷின்தான் எங்கள் வீட்டை ஓட்டுகிறது. உடம்பு முழுக்க மூடுகிற நீச்சலுடை ஒன்று தைக்கத் துணி கொண்டுவந்த ஒரு பெண்தான் இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னார். உம்மா அவருக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத் துணியில் தனக்கும் ஒன்று தைத்தார். பச்சைத் துணி ஒரு கைக்குப் போதவில்லை. அதனால் உம்மாவின் உடையில் வலது கை பச்சை, இடது கை நீலம். போட்டிக்குப் போன சைக்கிள் நான் டியூஷனுக்குப் போகிற சைக்கிள். கூடையைக் கழற்றினோம். மணியைக் கழற்ற நான் விடவில்லை.

பதிவுப் படிவத்தில் ஓர் இடம் இருந்தது: அவசரம் என்றால் யாருக்கு அறிவிக்க வேண்டும்? உம்மாவின் உறவுக்காரர் எல்லோரும் தீவில், அங்கே போன் பாதி நேரம் எடுபடாது. உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு என் பெயரையும், போட்டி நேரம் என் கையில் இருக்கப் போகிற தன் போன் இலக்கத்தையும் எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பயந்தியென்டா இப்பயே சொல்லு. நான் போகல்ல."

"எனக்கென்ன பயம்?" என்றேன். அது பொய். அன்றிலிருந்து போட்டி நாள் வரை தினமும் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இனி வழி. சைக்கிளை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கற்பிட்டித் தோட்டங்களுக்கு மரக்கறி ஏற்றப் போகிற குட்டி லொறிகள் விடிய முன்னம் வெறுமையாகப் போகும், அதுதான் தோது. எங்கள் தெருவின் நசீர் நானா இரண்டு பேருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து, போக வர 1,500 ரூபா கேட்டார். காலை 4.10க்குத் தில்லையடியில் ஏறினோம். 4.25க்கு பாலாவிச் சந்தி. அங்கிருந்து கற்பிட்டி வீதியில் திரும்பி, நுரைச்சோலையில் நிறுத்தி சுபஹ் தொழுதோம். எதிர்க் கடையில் பிளேன்டீயும் ரொட்டியும். உம்மா ரொட்டியைத் தொடவில்லை, நான் இரண்டு சாப்பிட்டேன்.

"தங்கச்சி, சைக்கிள் ஓடுறதுக்கு ஏன் இவ்வளவு தூரம்? எங்கட தெருவுல ஓடினாக் காணாதா?" என்றார் நசீர் நானா.

"தெருவுல ஓடினா மெடல் தருவாங்களா நானா?"

"மெடலத் தூக்கித் தராசுல போட்டா ஒரு கிலோ வெங்காயத்துக்கும் வராது."

"வெங்காயத்தக் கழுத்துல போட்டுக்கிட்டு ரோட்டால போக ஏலுமா?" என்று உம்மா கேட்டதும் நானாவே சிரித்துவிட்டார்.

மொத்தம் நாற்பது கிலோமீற்றர் அளவில். 5.40க்குக் குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி, களப்புக் கரையில் கொடிகள் கட்டியிருந்த இடத்தில் இறங்கினோம். ஆறு மணிக்கு முன் போட்டி இலக்கத்தை வாங்கிவிட வேண்டும். உம்மாவுக்கு 41. நீச்சல் 750 மீற்றர், சைக்கிள் 20 கிலோமீற்றர், ஓட்டம் 5 கிலோமீற்றர். நீச்சலை 35 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். தண்ணீரில் யாரையாவது படகில் ஏற்றினால் அவருடைய போட்டி அத்தோடு சரி.

சரியாக 6.30க்கு விசில் ஊதியது. ஐம்பது பேர் அளவில் ஒரேயடியாகத் தண்ணீரில் விழுந்தார்கள். களப்பில் மூன்று செம்மஞ்சள் மிதவைகள். அவற்றைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். நான் உம்மாவின் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பச்சைக் கையையும் நீலக் கையையும் மட்டும் பார்த்தேன். முதல் மிதவை ஆனது. இரண்டாவதும் ஆனது. பிறகு உம்மா கூட்டத்தை விட்டுத் தனியாக வலது பக்கம், மிதவையே இல்லாத பக்கம், போகத் தொடங்கினார்.

கையிலிருந்த போன் அடித்தது.

"நாப்பத்தொண்டாம் நம்பர்ட ஆளா பேசுறது?" காலையில் பதிவு மேசையில் எங்களுக்கு இலக்கம் தந்த, சிலாபத்திலிருந்து வந்திருந்த மிஸ். இருபது அடி தள்ளித்தான் நின்றார், ஆனாலும் படிவத்தில் இருந்த போன் இலக்கத்துக்கு எடுத்திருந்தார். நான் கையைத் தூக்கியதும் ஓடி வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "அய்யோ, நீங்க சின்னப் பிள்ளையே! பெரியாக்கள் யாரும் இல்லையா?"

"இல்ல மிஸ். நான்தான்."

"அம்மா பாதை மாறிப் போறாங்க மகள். களைச்சிட்டாங்க போல. போட் அனுப்பி ஏத்தப் போறோம்."

ஏற்றுங்கள், ஏற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் விடுங்கள் என்றுதான் சொல்ல வாய் வந்தது. அப்போதுதான் உம்மாவுக்கு முன்னால் வெள்ளையாகச் சில புள்ளிகளைக் கண்டேன். வெறும் எண்ணெய்க் கான்கள், வரிசையாக. வரிசையின் கடைசியில் தடியில் கட்டிய ஒரு கறுப்புத் துணி. வலை! போட்டிக்காக வலைகளை எடுக்கச் சொல்லியிருந்தார்களாம். யாரோ விடிய முன்னம் வந்து ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அதற்கு மேலாலேயே நீந்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் காலை உதறிக்கொண்டு கத்தினார்கள்.

உச்சமுனையில் ஒருவர் போட்ட வலைக்கு மேலால் இன்னொருவர் போவதில்லை. தோணியானாலும் சரி, ஆளானாலும் சரி, கறுப்புத் துணி வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். உம்மா தையல் மெஷினில் இருந்தபடி இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். போட்டியில் கூட அவருக்கு வேறு மாதிரி நீந்தத் தோன்றியிருக்காது.

ஆனால் நான் நினைப்பது பிழையென்றால்? உண்மையாகவே களைத்திருந்தால்? நான் மறித்ததால் படகு போகாமல் விட்டால்? உம்மாவை விட்டால் எனக்கு யாருமில்லை. திரும்பவும் பார்த்தேன். பச்சை, நீலம், பச்சை, நீலம். மெஷின் ஊசி மாதிரி ஒரே சீராக.

"ஏத்த வேணாம் மிஸ்," என்றேன். "உம்மா பாதை மாறல்ல. வலையச் சுத்திப் போறா. போட் கிட்டப் போய்க் கேக்கட்டும். அவ கேட்டா மட்டும் ஏத்துங்க."

"ஷுவரா மகள்?"

"ஓம்."

மிஸ் வாக்கிடோக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். படகு உம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பச்சைக் கை ஒரு தரம் உயர்ந்து கறுப்புத் துணியைக் காட்டியது. படகு விலகியது.

33 நிமிடம் 40 செக்கனில் உம்மா கரையேறினார். நான் தண்ணீருக்குள் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். இடுப்பு வரை நனைந்திருந்தேன். உம்மா என்னைத் தாண்டி ஓடும்போது, "பையில சப்பாத்து எங்க?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் படகுக்காரரும் கரைக்கு வந்தார். "உங்கட உம்மா எந்த ஊர்?"

"உச்சமுனை."

"அப்ப சரி. அது என்ட மச்சான்ட வலை. எடுக்கச் சொன்னாலும் கேக்கமாட்டான். வந்த எல்லாரும் மிரிச்சிட்டுப் போனாங்க, இவ ஒருத்திதான் சுத்திப் போனா. இன்டைக்கு அவனுக்குப் பேச்சு விழும், என்னட்ட."

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைக்கிள் பாதை நல்ல தார் வீதி, ஆனால் திரும்பும்போது எதிர்க்காற்று. ஒரு வளைவில் கழுதைகள் வீதியை மறித்து நின்றிருந்தன. விலை கூடிய சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று விரட்ட, உம்மா என் மணியை அடித்துக்கொண்டு நடுவால் போய்விட்டாராம். ஓட்டத்தின் கடைசி ஒரு கிலோமீற்றர் மணல். அதற்குப் பழைய சப்பாத்துதான் நல்லது. 2 மணி 21 நிமிடத்தில் உம்மா முடித்தார். கடைசியிலிருந்து மூன்றாவது. முடித்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்த மெடல் அவருக்கும் கிடைத்தது.

பதினொரு மணிக்கு நசீர் நானாவின் லொறியில், வெங்காய மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். நானா மெடலைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார். "அரைக் கிலோவுக்கு வரும் போல," என்றார்.

பாலாவி வருகிற நேரம் உம்மா என் ஈரப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். "பயந்தியா?"

"இல்ல."

"தண்ணிக்குள்ள நிண்ட?"

"சூடா இருந்திச்சி."

உம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: காற்று குறைந்த ஏப்ரலில் போங்கள். நுழைவுக் கட்டணம் எங்களுக்கு 3,500 ரூபா. முதல் நாளே கரையில் யாரிடமாவது வலை எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள், வெள்ளைக் கானும் கறுப்புத் துணியும் கண்டால் சுற்றிப் போங்கள், அதற்கென்று ஐந்து நிமிடம் கையில் வையுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போனால் பதிவு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். நீங்கள் எப்படி நீந்துவீர்கள் என்பதை அந்தப் பிள்ளை முன்பே பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு நிறம், வேண்டுமென்றே தைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டிக்கான படிவம் மேசையில் கிடக்கிறது. உம்மா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அவசரத்துக்கு யார் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். "அத நீ யோசிச்சு எழுது. எழுதாட்டியும் பரவால்ல," என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினார். எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. போன் வெளிச்சத்தில் பேனையைத் தேடி எடுத்து என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், மகள்.