அருள்தாஸ் கொண்டுபோன கடிதம்

அம்பத்தூர் அருள்தாஸ் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே அறை ஊழியர். மெஷினில் கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்க, தினமும் காலையில் தன் இடது கையைத்தான் அதன் முன்னால் நீட்டுவார். திரையில் எலும்பு தெளிவாகத் தெரிந்த பிறகே டாக்டர் நோயாளியைக் கூப்பிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அந்தக் கையில் ஆறாத புண் வந்து, இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். ஊர் அதைக் குஷ்டம் என்றது. மகள் ஞானசௌந்தரிக்கு ஆவடியில் பேசி முடித்த சம்பந்தம் தடைப்பட்டது.

"டாக்டராண்ட எழுதி வாங்கிக்கினு வா, அண்ணாத்தே. அப்பாலிக்கா பேசலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஜோசப்ராஜ்.

"மெஷினால வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்" என்று அருள்தாஸ் கெஞ்சினார்.

"அப்படி எழுதினா நாளைக்கு எவன்யா இந்த வேலைக்கு வருவான்?" என்ற டாக்டர், இங்கிலீஷில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அருள்தாஸுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார் என்று நம்பி, அன்றைக்கே ஆவடிக்குப் போய்க் கடிதத்தை நீட்டினார்.

ஜோசப்ராஜ் படித்துவிட்டுச் சிரித்தார். "தோல் வியாதின்னு எழுதிக்கீது. நாங்க வாயால சொன்னோம், நீ கையெழுத்தோட கொண்ணாந்துட்டியே!"

அருள்தாஸ் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்.

"இருக்கட்டும், அண்ணாத்தே. ஏன் சம்பந்தத்தை வுட்டேன்னு நாலு பேர் கேட்டா காட்ட வேணாமா?"