நான்காவது இரவு இலவசம்

என் மேசை இழுப்பறையில், டைரிகளுக்கு மேலே, காலாவதியான ஒரு கனரக வாகன ஓட்டுநர் லைசென்ஸ் இருக்கிறது. பிளாஸ்டிக் அட்டை. கீழ்ப் பாதி முழுக்க நெடுக்குவாட்டில் மெல்லிய கீறல்கள். மேல் பாதியில் கீறல் இல்லை. அதில் இருக்கும் முகம் என் மனைவியின் அண்ணனுடையது. வேலையாக வெளியூர் புறப்படும்போது முதலில் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பெட்டியை மூடுவேன். 

நான் துறைமுகங்களில் சர்வேயர். நிலக்கரிக் கப்பலின் பக்கத்தில் வரைந்திருக்கும் எண்களில் எந்த எண்ணைக் கடல் தொடுகிறது என்று படகில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. சரக்கு இருக்கும்போது ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை டன் என்று சொல்லிவிடலாம். ஒரு விரற்கடை தவறாகப் படித்தால் நூறு டன் காணாமல் போகும். எண்ணூரில் வேலை இல்லாத நாட்களில் தூத்துக்குடி, காக்கிநாடா, மங்களூர் என்று அனுப்புவார்கள். எங்கே போனாலும் ஒரே குழுமத்தின் ஓட்டலில்தான் தங்குவேன். அறை வாடகையைக் கம்பெனி கட்டும், தங்குவதற்கு ஓட்டல் தரும் பாயிண்ட் என் பெயரில் ஏறும். பல வருடம் தங்கியதில் ‘கோல்டு மெம்பர்’ என்று ஒரு தங்க அட்டையும் கொடுத்திருந்தார்கள். பாயிண்டுக்கென்று தனி டைரி வைத்திருந்தேன். பாயிண்டைக் காபிக்கும் சலவைக்கும் கொடுத்துத் தீர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாடகை மலிவான நாளில் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும், ஊரே அறை தேடி அலைந்து வாடகை ஏறும் நாளில் பாயிண்டைக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுமத்தில் வாடகை எவ்வளவு ஏறினாலும் பாயிண்ட் கணக்கு மாறாது. தவிர, சேர்ந்தாற்போல் மூன்று இரவுகளைப் பாயிண்டில் எடுத்தால் நான்காவது இரவு இலவசம். பாயிண்டுக்கு ஆயுளும் உண்டு. ஒரு வருடம் கணக்கில் எதுவும் நடக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே தங்காத வருடத்தில் ஒரு நாள் போய் ஒரு டீயாவது குடித்துவிட்டு வந்துவிடுவேன். சிங்கப்பூரில் நான்கு இரவுகள் என்பது என் திட்டம்.

மச்சான் இதைக் கேட்டுச் சிரிக்காத நாள் இல்லை. அவர் மனைவி இறந்தபின் எர்ணாவூரில் எங்கள் வீட்டு மாடியில் எங்களோடுதான் இருந்தார். முதலில் நிலக்கரி டிப்பர், பிறகு கன்டெய்னர் டிரெய்லர் என்று முப்பது வருடம் ஓட்டியவர். நுரையீரல் கெட்டதற்கு டாக்டர் பீடியைச் சொன்னார், இவர் கரியைச் சொன்னார். கடைசி இரண்டு வருடங்கள் மூக்கில் குழாயும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக வாழ்ந்தார். “இன்னா மாப்ள, இன்னிக்கி எத்தினி பாயிண்டு ஏறிச்சு? இப்டியே சேத்துகினு போய் ஓட்டலையே எய்தி வாங்கிக்கப் போறியா?” என்பார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தாலும், இதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

மெஷின் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் அவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டேன். “அதைப் பரிசோதிச்சுப் பார்க்காதீங்க” என்றார். அன்றைய டைரியில் அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு எழுதி வைத்தேன். இன்வெர்ட்டரில் மூன்று மணி நேரம். அதற்குப்பின் சின்ன சிலிண்டரில் மூன்று மணி நேரம். ஆக ஆறு மணி நேரத்துக்கு மேல் எங்கள் தெருவில் மின்சாரம் நிற்காது என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்த காலை, 9.20க்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டதால் வடியும்வரை கொடுக்க மாட்டோம் என்றார்கள். நகரத்தின் தென்பக்கம், மேட்டில், எங்கள் குழுமத்தின் ஓட்டல் ஒன்று இருந்தது. அங்கே ஜெனரேட்டர் உண்டு. செல்லில் பார்த்தேன். ஊரே அறை தேடிக்கொண்டிருந்தது. வாடகை நான்கு மடங்கு, பாயிண்ட் மட்டும் பழைய கணக்கு. வருடக்கணக்கில் நான் காத்திருந்த நாள் இதுதான். ஆனால் என் கணக்கில் மூன்று இரவுகளுக்குக் கொஞ்சம் குறைந்தது. காக்கிநாடாவில் தங்கியதற்கான பாயிண்ட் அன்று ஏற வேண்டும். ஏறினால் மூன்று, மூன்றானால் நான்கு.

“ரெண்டு நாளைக்கு எடுத்தா போதுங்க. இல்ல, பணத்தையே கட்டிடலாம். இப்பவே கெளம்பலாம்” என்றாள் என் மனைவி.

“இன்னும் கொஞ்ச நேரம்” என்றேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தை டைரியில் எழுதியிருக்கிறேன். 9.20க்குத் தண்ணீர் எங்கள் இரும்புக் கேட்டின் முதல் கம்பியில் இருந்தது. 10.15க்கு இரண்டாவது கம்பி. 11.05க்கு மூன்றாவது. கப்பலில் எண் படிக்கும் கண்ணால் மாடியிலிருந்து படித்தேனே தவிர, அந்த எண்கள் எனக்கு என்ன சொல்கின்றன என்று யோசிக்கவில்லை. 11.40க்குப் பாயிண்ட் ஏறியது. நான்கு இரவுகளுக்குப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தபோது நான்காவது கம்பி மறைந்திருந்தது. எந்தக் காரும் வரச் சம்மதிக்கவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தேவிட்டார். 12.20க்கு இன்வெர்ட்டர் கூவியது. குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன். மச்சான் என் விரல்களையே பார்த்தார். அவர் கேலி செய்யாமல் இருந்ததுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

பிறகு அவரே செல்லை எடுத்தார். துறைமுக கேட்டை மூடியிருந்ததால் டிரெய்லர்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, அவரோடு பல வருடம் ஓட்டிய தண்டையார்பேட்டை பாயுடையது.

“பாய், எங்க கீற? ... காலி வண்டிதான? ... வூட்டாண்ட வா. ... ஒரு லோடு கீது.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு.

கால் மணி நேரத்தில் அந்த நீளமான காலி டிரெய்லர் தண்ணீரைப் பிளந்துகொண்டு எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றது. பாய் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, “எங்கடா லோடு?” என்று கேட்டவர், மச்சானைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார். “முன்ன நூறு கிலோ இருந்த. இப்ப மூட்டையில பாதி காலி” என்றார். நான் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். என் மனைவி சிலிண்டரைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, குழாய் இழுபடாமல் பாயை ஒட்டியே வந்தாள். சிலிண்டரின் முள்ளை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வழக்கமாக ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் பாய் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மச்சான் கையைத் தூக்கி முன்னால் காட்டுவார். ஒருமுறை உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். பாய் கியரை இறக்கினார். பேசுவதற்கு மூச்சில்லாதவர் கையாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். முள் சிவப்புக்கு வந்தபோது நான் அதைப் பார்ப்பதை நிறுத்தினேன். வாழ்க்கையில் ஓர் அளவைப் பார்க்க மறுத்தது அன்று ஒரு முறைதான்.

ஓட்டல் வாசலில் காவலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். “லாரி உள்ள வரக்கூடாதுப்பா! சரக்கு எல்லாம் பின் கேட்டு!”

“சரக்கு இல்ல நைனா, கெஸ்ட்டு! கோல்டு மெம்பரு! கேட்டத் தொற!” என்று பாய் மேலிருந்து கத்தினார்.

3.10க்கு நான்காவது மாடியில் அறைக்குள் நுழைந்தோம். உள்ளே இருட்டு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த துளையில் அறைச்சாவி அட்டையைச் செருகினேன். விளக்கு, ஏசி, மெஷின் எல்லாம் உயிர் பெற்றன. கட்டிலில் சாய்ந்து பத்து நிமிடம் மூச்சை வாங்கியபின் மச்சான் அந்தத் துளையையே பார்த்தார்.

“ரூமுக்கே சாவி போட்டாத்தான் ஸ்டார்ட் ஆவுமா?”

“ஆமா மச்சான். வெளியே போறப்ப உருவிட்டுப் போயிடணும். கரண்டு வீணாகாது” என்று பெருமையாக விளக்கினேன்.

அன்று மாலை டைரியில், அன்றைய வாடகையைப் பாயிண்டால் வகுத்து, அதற்கு முன் எப்போதும் கிடைக்காத மதிப்பு கிடைத்ததாக எழுதினேன். அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை.

மறுநாள் காலை என் மனைவி நாஷ்டா சாப்பிடக் கீழே போயிருந்தாள். மச்சான் கண்ணயர்ந்திருந்தார். சிலிண்டர் காலி. மாற்று சிலிண்டர் தண்ணீர் வடிந்தபின்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அறைத் தொலைபேசியில் வரவேற்பிலிருந்து அழைத்து, என் தங்க அட்டைக்குப் பெரிய அறை ஒன்று இலவசமாகத் தர முடியும், கீழே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான்கு மாடி இறங்கிப் போவதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. செருப்பு மாட்டினேன். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். அறைகளை விட்டுக் கிளம்பும்போது எத்தனையோ வருடங்களாக என் கை செய்துவந்ததை அன்றும் செய்தது.

துளையிலிருந்து அட்டையை உருவினால் மின்சாரம் உடனே நிற்காது. ஆள் வெளியேறுவதற்குச் சில விநாடிகள் கொடுத்து, பிறகுதான் நிற்கும். ஆகவே நான் எதையும் கேட்கவில்லை. கீழே போய், பெரிய அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். மாலை நான்கு மணிவரை அறையைக் காலி செய்யாமல் இருக்கும் சலுகை அந்த அறைக்கும் உண்டா என்று கேட்டேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியபோதுதான் என் இடது கையில் ஏதோ இருப்பது தெரிந்தது. அறைச்சாவி அட்டை.

வரவேற்புப் பெண் என்ன கேட்டாள் என்று நினைவில்லை. லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியில் ஓடினேன். முதல் மாடியில் செருப்பு கழன்றது. இரண்டாவது மாடியில் ஒரு குழந்தையை இடித்துவிட்டேன், அது அழுதது என் காதில் விழுந்தது, நான் நிற்கவில்லை. என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று மூன்றாவது மாடியில் நினைத்தேன், நினைத்ததற்காக என்னை நானே வெறுத்தேன். நான்காவது மாடி நடைபாதையில் எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல் இருந்தன. எங்கள் கதவில் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை பச்சை.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டித் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, மச்சான் உட்கார்ந்திருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. குழாய் கட்டிலிலிருந்து அவர் மூக்குவரை விறைப்பாக இழுபட்டிருந்தது. தலைக்கு மேலே, சுவர்த்துளையில், வண்டி ஓட்டாத காலத்திலும் அவர் சட்டைப்பையை விட்டு எடுக்காத லைசென்ஸ் செருகியிருந்தது.

அவருக்கு மூச்சு திரும்பும்வரை நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

“சாவிய உருவிகினு பூட்டா வண்டி நிக்காதா மாப்ள?” என்றார். இன்னும் நாலு மூச்சு. “ஆனா ஒண்ணு... லைசென்சு இருந்தா எந்த வண்டியும் ஓடுது பாரு.”

இத்தனை வருடம் ஓட்டல்களில் தங்கிய நான் ஒருமுறைகூட அந்தத் துளையில் வேறொரு அட்டையைச் செருகிப் பார்த்ததில்லை. கட்டிலிலிருந்து அந்தச் சுவர் எத்தனை அடி என்று பிறகு நடந்து பார்த்தேன். ஒன்பது அடி. வீட்டில் குளியலறைக்கு ஆறு அடி நடக்கவே அவர் நடுவில் ஒருமுறை நின்று இளைப்பாறுவார்.

நடந்ததை அவர் என் மனைவியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் நாஷ்டா முடித்து வந்து, “ஏன் ரெண்டு பேரும் தரையில உக்காந்துகினு கீறீங்க?” என்று கேட்டாள். “உம் புருசன் பாயிண்டு எண்ணினு கீறான்” என்றார் மச்சான். பெரிய அறைக்கு நாங்கள் மாறவில்லை. இலவசமான நான்காவது இரவு முழுக்க நான் தூங்காமல் அந்தத் துளையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது லைசென்ஸை உருவி அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “நீயே வெச்சுக்க. நான் இனிமே எங்க ஓட்டப் போறேன்? நீதான் உருவுற ஆளு” என்றார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே, மின்சாரம் இருந்த ஒரு பகலில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். இருந்த பாயிண்ட் எல்லாம் அந்த நான்கு இரவுகளோடு தீர்ந்திருந்தது. அதற்குப்பின் சேர்ந்ததை நான் கணக்கெழுதவில்லை. டைரியில், நான் அட்டையை உருவிய அந்தக் காலைக்கு உரிய பக்கத்தில் “9.10 முதல் 9.17 வரை” என்று மட்டும் இருக்கிறது. மீதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

போன வாரம் தூத்துக்குடி. அறைக்குள் நுழைந்ததும் லைசென்ஸை எடுத்துத் துளையில் செருகினேன். கீழ்ப் பாதி உள்ளே போய்விடும். அதோடு அவருடைய வாயும் மூக்கும் மறைந்துவிடும். கண்கள் மட்டும் வெளியே தெரியும். சாவி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பினேன். லிஃப்டில் ஏறுவதில்லை. இரண்டாவது மாடிப்படியில் கை தானாகப் பையைத் தொட்டது, உள்ளே அட்டை தட்டுப்பட்டது. அறையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். துளையில் அவர் இருக்கிறார் என்றும் தெரியும். இருந்தும் படியேறித் திரும்ப ஓடினேன். கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.