சாமி முன்னால் வைத்த கேம் பெட்டி

என் பாட்டை அழித்தது நீங்கள்தான், தலைவரே. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு இத்தனை வருடமாகத் தலைவராக இருக்கிற நீங்கள். வெளியாட்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பஜாரில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறேன். கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது, நாங்கள் நானா என்போம். கொழும்பில் வாங்கிவந்த பழைய சாமான் பெட்டியின் அடியில் ஒரு கையடக்க கேம் பெட்டி கிடந்தது. சாம்பல் நிறம். செங்கல் மாதிரி கனம். கலர் இல்லாத பச்சைத் திரை. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது.

"இத யாரு வாங்கப் போற? நீங்களே வச்சிக்கோங்க மகள்" என்றார் நானா.

இந்த மாதிரிப் பெட்டியில் பாட்டும் செய்யலாம் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். அப்படிச் செய்கிற கொழும்புப் பிள்ளைகள் சிலரோடு ஃபோனில் பழக்கமானது. அவர்களில் ஒருத்தி, பெட்டியின் முதுகில் சொருகுகிற, தன்னிடம் கூடுதலாக இருந்த பாட்டுக் கேசட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். அதைச் சொருகினால் கேம் வராது. எழுத்தும் எண்ணுமாக வரும். எந்தச் சத்தம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்று மேலிருந்து கீழே வரி வரியாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மொத்தம் நாலே குரல். இரண்டு கீச்சுக் குரல், ஒரு அடிக்குரல், நாலாவது வெறும் இரைச்சல். அதற்கு மேல் கெஞ்சினாலும் வராது.

எனக்கு அந்த இரைச்சல்தான் பிடித்தது. குறுக்கி வெட்டினால் தப்பு மேளம் அடிக்கிற சத்தம். நீட்டிவிட்டால் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையில் மழை. ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டுகிற ரோலரின் முனகலை அடிக்குரலில் கொண்டுவர எனக்கு ஒரு மழைக்காலமே போனது. அம்மா மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், "கோழிய கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்குடி, நிப்பாட்டு" என்பார். பிறகு ஒரு நாள், "அந்த ரோலரு வர்ற எடத்த இன்னொருவாட்டி போடு" என்றார். அன்றைக்குத்தான் இது பாட்டு என்று நானே நம்பினேன்.

ஃபோனில் ஒரு துண்டைப் பிடித்து அனுப்பினேன். அந்தப் பாட்டை வாசிக்கக் கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை என்னை யாரும் எந்த மேடைக்கும் கூப்பிட்டதில்லை. ஆயுத பூஜை முடிந்து அடுத்த வாரம் போக வேண்டும்.

பூஜைக்கு முதல் நாள் கமிட்டியோடு நீங்கள் லயம் லயமாக வந்தீர்கள்.

"தொழில் சாமான் எல்லாம் கோயிலுக்கு வரணும். ஒன்னோட அந்த டொய்ங் டொய்ங் பொட்டியையும் கொண்டா புள்ள."

"அது வேணாங்க தலைவரே. தண்ணி பட்டா போயிரும்."

"தோட்டமே வைக்குது, ஒனக்கு மட்டும் என்னா? சரஸ்வதிக்குப் பாட்டு புடிக்காதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "சரஸ்வதி வீணைய வச்சிட்டு கேம் வெளாடப் போறாங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 'கொடுத்துவிடு' என்று இருந்தது. கொடுத்தேன். தண்ணீர் தெளிக்காதீர்கள், கழற்றாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"நான் என்னா சின்னப் புள்ளயா?" என்றீர்கள்.

கோயிலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திகள், கொழுந்துக் கூடைகள், மருந்தடிக்கிற டாங்கிகள், ஓட்டோ சாவிகள். நடுவில் என் பெட்டி. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமிக் காலைப் பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொன்னதும் நீங்கள்தான். ஓட்டோக்காரர் ஒருவர் அவசரத்துக்குச் சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. "சாமிக்கு வச்சத எடுப்பியா?" என்று எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினீர்கள்.

விஜயதசமிப் பூஜை முடிந்ததும் போய் வாங்கினேன். பெட்டி முழுக்க மஞ்சள் தண்ணீர் காய்ந்த தடம். கேசட்டை உருவினேன். அதன் வாயில் பித்தளை நிறத்தில் பல் பல்லாக இருக்கும். பெட்டி அதன் வழியாகத்தான் கேசட்டில் உள்ளதைப் படிக்கும், எழுதும். அந்தப் பல் வரிசை முழுக்கச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். அப்படியே திருப்பிச் சொருகியிருந்தது.

நானா ஸ்பிரிட்டும் பல் துலக்குகிற பிரஷும் வைத்துத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். கேசட்டைச் சொருகிப் போட்டார். திரை வந்தது. எண்கள் இருந்த இடமெல்லாம் வெறும் கோடு.

"உள்ளுக்கு இருந்ததெல்லாம் போயிட்டு மகள்" என்றார். எனக்குப் பிளேன்டீ வாங்கிவந்து வைத்தார்.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இந்தக் கேசட்டிலிருந்து பிரதி எடுக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். அது கொழும்பில் இருந்தது, நான் போகும்போது எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஃபோனில் பிடித்த துண்டுகள் உண்டு. அதில் பாதி பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஓடிய டீவி. மறுபடியும் போட உட்கார்ந்தேன். ரோலர் வரவில்லை. ஏதோ ஒரு மோட்டார் ஓடுகிறது, எங்கள் ஃபேக்டரி இல்லை.

உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் கோபப்படக்கூட இல்லை.

"பொட்டு வைக்காம எப்பிடிப் புள்ள பூஜ பண்றது? லொறிக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம். எதாச்சும் கெட்டுச்சா?"

"பல்லுல ஏங்க வச்சீங்க?"

"பளபளன்னு அதுதானே முகம் மாதிரி இருந்துச்சு! பொட்டு வச்ச அன்னக்கி சாயங்காலமே கேம் வருதான்னு நாலஞ்சுவாட்டி போட்டுப் பாத்தோம். வெறும் கோடாத்தான் வந்துச்சு. ஒம் பொட்டி மொதல்லயே கெட்டது புள்ள."

அழுக்குப் பல்லோடு போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டால் எழுதியிருப்பது கலைந்துபோகும். அதைச் சொன்னேன். "சரி சரி, படிச்ச புள்ள" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மைக்கைப் பிடித்தீர்கள். ஒரு பெண்பிள்ளை தீட்டான சாமானைச் சாமி முன்னால் வைத்துவிட்டது, அம்மாளே அதை அழித்துவிட்டாள், குடும்பத்தோடு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தோட்டத்தில் டொய்ங் டொய்ங் பொட்டி ஒன்றுதான்.

அம்மா போனார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. "நாளைக்கு நமக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இவங்கதானடி வரணும்" என்றார். மலையிலிருந்து வந்த உடுப்பை மாற்றிக்கொண்டு, தேங்காய் வாங்கி, வாசலில் உடைத்து, செய்யாத குற்றத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை. கொழும்புக்கு, வரவில்லை என்று ஒரு வரி அனுப்பினேன். ஏன் என்று கேட்டார்கள். குங்குமம் என்று எப்படி எழுதுவது?

பாட்டைத் திருப்பித் தர உங்களால் முடியாது. என்னாலும் முடியவில்லை. ஆனால் இதற்கு உங்களால் பதில் சொல்ல முடியும். பூஜைக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே அதை எடுத்துக் கேம் பார்த்தது யார்? அது தெய்வக் குத்தம் இல்லையா? என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டாம். என் அம்மாவைத் தேங்காய் உடைக்க வைத்தது மைக்கில். ஆகவே மைக்கில், இந்த வெள்ளிக்கிழமை, அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பெயரோடு சொல்லுங்கள்.