மாமா வெட்டி வந்த ஓலை

கீழ்வீட்டுப் பெண் வயதுக்கு வந்துவிட்டாளாம். வாசலில் பச்சைத் தென்னை ஓலை வந்து இறங்கியிருக்கிறது. ஜன்னலை அடித்துச் சாத்தினேன். வாடை போகவில்லை, எரிச்சலும் அடங்கவில்லை.

பூதலூரில் நான் எட்டாவது படித்தபோது, வகுப்புக்கு ஒருத்தி வராவிட்டால், "அவளுக்கு ஓலை கட்டிட்டாங்கடி" என்று கிசுகிசுப்போம். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் பாவாடையில் கறை பட்ட அன்று, ஏதோ காயம் என்றுதான் அழுதேன்.

அம்மா என்னை மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார வைத்தாள். தாய்மாமன் ஓலை வெட்டிக் குச்சு கட்ட வேண்டும். அதில் இருந்த பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விடுவார்கள். மாமாவோ அறுப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு மறியல் செய்து, ஜெயிலில் இருந்தார்.

"முழுப் பரீட்சை வருதும்மா."

"மாமா வராம வெளியில கால வெக்காத."

இருபத்து மூன்று நாள் அப்படியே கிடந்தேன். சிநேகிதி வசந்தா வேலிக்கு அப்பால் நின்று, "இன்னிக்குக் கணக்கும் முடிஞ்சிட்டுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா விடுதலையாகி வந்த அன்று, நான் பெரிய மனுஷியான சேதி மட்டும் கேள்விப்பட்டு, தோளில் ஓலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பள்ளியில் சேர்த்ததே அவர்தான்.

"பரீட்சை நல்லா எழுதுனியா?"

"எழுதவே விடல மாமா." விஷயம் புரிந்ததும் அம்மாவிடம் கத்தினார். "எனக்காகவா புள்ளய நிறுத்தி வெச்சே? அறிவிருக்கா ஒனக்கு?"

கத்திக்கொண்டேதான் குச்சையும் கட்டி முடித்தார்.