நாலாம் அறையில் படுத்திருந்தவர்

அவருடைய வேலை படுத்திருப்பது. பொருட்காட்சித் திடலின் ஓரத்தில் இருந்த பேய் வீட்டில், ஏழு அறைகளில் நாலாவது அறையில், ஓர் இரும்புக் கட்டிலில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பிணமாகப் படுத்திருப்பார். பிற்பகல் இரண்டு மணி முதல் எட்டு மணி வரை, செவ்வாய் விடுமுறை. இப்படிப் பதினொரு வருடம் நாலு மாதம் படுத்தார். சுற்றி நாலு பேர் நின்று பவுடர் பூசி, தலை வாரி, தலையணையைச் சரிசெய்து படுக்கவைப்பதால் அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வந்தது. அவரைவிடப் பதினொரு வயது மூத்தவனான நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் அந்த வீட்டின் வெளிவாசல் மேசையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் அவர் ஒரு துணிக்கடையில் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், உட்கார இடமில்லாமல், கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளோடு பொம்மையாக நின்றிருக்கிறார். ஓர் அம்மாள் வந்து அவர் சட்டைத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். இவர் உதடு அசையாமல், “சைஸ் நாப்பதும்மா” என்றார். அம்மாள் போட்ட கூச்சலில் கடையே கூடிவிட்டது. அன்று மாலையே வேலை போயிற்று. அந்தக் கூட்டத்தில் எங்கள் முதலாளியும் நின்றிருந்தார்.

“அண்ணே, இங்க பயமுறுத்துனதுக்கு சீட்டக் கிழிச்சுட்டாங்க. எங்கிட்ட வாங்க, அதுக்கே சம்பளம் தர்றேன்” என்று கையோடு கூட்டி வந்தார்.

முதலாளியின் அப்பா காலத்தில் இந்த வீடு ஒரு கூடாரம். கறுப்புத் துணி, நூலில் ஆடும் எலும்புக்கூடு, முகத்தில் படும்படி தொங்கவிட்ட ஈரக் கயிறு, இவ்வளவுதான் பேய். ஜனங்கள் அதற்கே அலறினார்கள். பிறகு பலகைச் சுவர் வந்தது, கம்ப்ரசரில் எழுந்து உட்காரும் பொம்மைகள் வந்தன. அவை எழுவதற்கு ஒரு நொடி முன்னால் ‘புஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்கும். இரண்டே வருடத்தில் வருகிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “இப்ப எந்திரிக்கும் பாரு” என்று சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். அதன் பிறகுதான் பொம்மை இருந்த இடத்தில் மனிதர்கள் வந்தார்கள்.

பத்துப் பேருக்கு ஒரு பேட்ச், எட்டு நிமிடத்துக்கு ஒன்று. உள்ளே நுழைந்து வெளியே வரப் பதினாறு நிமிடம். வெளிவாசல் வேண்டுமென்றே டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அலறிக்கொண்டு வெளியே ஓடி வருகிறவர்களைப் பார்த்தால், நிற்கிறவர்கள் வரிசையை விட்டுப் போகமாட்டார்கள். உள்ளே வழிகள் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். திருட்டுத்தனமாக யாரும் நுழையாதிருக்க வெளிக்கதவுக்கு வெளிப்புறத்தில் பிடியே கிடையாது. வருகிறவர்களை எண்ணிச் சரிபார்த்து, எந்த அறையில் அதிகம் பயந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அந்த அறையின் நேரே ஒரு கோடு போடுவது என் வேலை. வாரக் கடைசியில் முதலாளி கோடுகளைப் பார்ப்பார். தொடர்ந்து கோடு குறைந்த அறைக்கு ஆள் மாறும்.

மாப்பிள்ளைக்குக் கோடு குறைந்ததே இல்லை. அவருடைய வித்தை பொறுமைதான். கம்பித் தடுப்புக்கு அப்பால் நிற்கிற பத்துப் பேரில் யாராவது ஒருவர் கடைசியில் “பொம்மைதான்யா” என்று சொல்லாமல் இருக்கமாட்டார். அதுவரை மூச்சு தெரியாமல் கிடப்பார். சொன்னதும் மெல்ல எழுந்து, சொன்னவரை மட்டும் பார்ப்பார். சத்தமே போடமாட்டார்.

“ஒரு வீட்ல ஒருத்தர்தான் கத்தணும் அண்ணே. எங்க வீட்ல அது அவ. இங்க டிக்கெட் வாங்குனவங்க” என்பார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்த வருடத்தில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, பல் துலக்கும்போது பிரஷ் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இது எச்சரிக்கை, மறுபடி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இதை மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் மனைவி வந்து சொன்னார். சலவைக் கடையில் பொத்தான் தைக்கிறவர். கையில் ஊசி குத்திய அட்டையோடு மேசைக்கு எதிரே நின்றார்.

“வேலைய விடச் சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா, வீட்ல சும்மா படுத்தா நீ திட்டுவ, அங்க படுத்தா சம்பளம் வருதுன்னு நக்கல் பண்றாரு.”

“நான் சொல்றேம்மா.”

“கேக்க மாட்டாரு. கேக்கலேன்னா நீங்க ஒரு கண்ணு வச்சுக்குங்க. அந்த இருட்டுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆனா யாருக்குத் தெரியும்? எல்லாரும் பொணம்னுதானே பாப்பாங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவர் சொன்னதையெல்லாம் நாளும் நேரமுமாக ரிஜிஸ்டரில் குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் கேட்கவில்லை. மாத்திரையில் வந்த தூக்கத்தால் எழுவது தாமதமாகி, அந்த மாதம்தான் முதல் முறையாக அவருக்குக் கோடு குறைந்திருந்தது. முதலாளியும் கெட்டவரில்லை. “ஒரு மாசம் பாப்போம் அண்ணே” என்றார். மாப்பிள்ளைக்கு அந்த ஒரு மாதம்தான் கண்ணில் நின்றது. “ஐம்பத்தெட்டு வயசுல என்னைய வேற எவன் படுக்க வைப்பான்?” என்றார்.

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அவர் கட்டிலில் ஒரு சுவிட்ச், என் மேசையில் ஒரு சிவப்பு பல்பு. உடம்புக்கு ஏதாவது என்றால் அமுக்க வேண்டியது, நான் ஆட்களோடு வந்துவிடுவேன். வயர்மேன் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கம் கம்பித் தடுப்பு, ஜனங்கள் நிற்கிற இடம். வலது பக்கம் சுவர்.

“செவுத்துப் பக்கம் வச்சுடலாம் அண்ணே. வயர் தெரிஞ்சா பொணத்துக்கு மரியாதை போயிடும்” என்றார்.

நானும் சரி என்று சொல்லி, அதையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டேன். தினமும் கதவு திறக்குமுன் மாப்பிள்ளை மூன்று முறை அமுக்குவார், மூன்று முறை பல்பு எரியும். அதை ரிஜிஸ்டரில் குறித்துக்கொள்வேன். பத்தொன்பது நாள் குறித்திருக்கிறேன்.

இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பதினாலாவது பேட்ச் நாலு மணிக்கு வெளியே வந்தது. பத்துப் பேர். எட்டுப் பேர் நாலாம் அறை என்றார்கள். வழக்கமாக மூன்று, நாலு வரும். எனக்குச் சந்தோஷம். மனிதர் பழையபடி தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே எட்டுக் கோடுகள் போட்டேன். நாலு எட்டுக்குப் பதினைந்தாவது பேட்ச். ஒன்பது கோடு.

“அந்தாளுக்கு அவார்டே குடுக்கலாம் சார்! வாய இப்படி இழுத்துக்கிட்டு, ஆ ஆன்னு கொளறுறாரு. எந்திரிக்கவே இல்ல, ஆனா ஒருத்தரும் தடுப்புகிட்ட நிக்கல” என்றார் ஒருவர்.

சத்தம் போடாத மனிதர் குளறுகிறார் என்றபோது நான் பேனாவை நிறுத்தினேன். ஒரு மாதக் கெடுவுக்காகப் புதிதாக எதையோ செய்துபார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பல்பைப் பார்த்தேன். அது எரியவில்லை.

நாலு பதினாறுக்குப் பதினாறாவது பேட்ச். எல்லாரும் நாலாம் அறை என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்த ஒரு வயதான அம்மாள் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, அந்தக் கட்டில்ல கெடக்குறவருக்கு நெசமாவே முடியல.”

கூட வந்த மருமகன் சிரித்தார். “அத்தே, அதுக்குத்தானே டிக்கெட்டு வாங்குனோம்!”

“நீ சும்மா இரு. உங்க மாமா போறப்ப எச்சி இப்படித்தான் ஒழுகுச்சு. இதெல்லாம் நடிக்க முடியாது.”

நான் எழுந்து வெளிக்கதவைத் தட்டினேன். பிடியில்லாத கதவு. உள்ளே ஏழாம் அறையில் இருந்தவர் திறக்கவில்லை. அந்த வீட்டில் யாராவது எதையாவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பிறகு வரிசையைச் சுற்றி ஓடி, வயர்மேனைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தேன். நாலாம் அறையை அடைந்தபோது நாலு இருபத்தொன்று. பதினேழாவது பேட்ச் அங்கே நின்றுகொண்டிருந்தது.

“லைட்டப் போடுங்க! வழி விடுங்க!” என்று கத்தினேன்.

“லைட்டப் போடுங்க! வழி விடுங்க!” என்று பத்துப் பேரும் என்னைப் போலவே கத்திச் சிரித்தார்கள். “கிழவர் சூப்பர்!” என்றது ஒரு குரல். வயர்மேன் விளக்கைப் போட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது.

மாப்பிள்ளையின் வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது கை மார்புக்குக் குறுக்கே வந்து, கட்டிலின் வலது விளிம்பைத் தொட்டு நின்றிருந்தது. சுவிட்ச் அங்கிருந்து ஒரு சாண் கீழே. பிரஷ் விழுந்தது வலது கையிலிருந்து என்று எழுதியவன் நான். சுவிட்ச் வலது பக்கம் என்று எழுதியவனும் நான். ஒரே நோட்டில், நாலு பக்க இடைவெளியில், இரண்டும் என் கையெழுத்தில் இருக்கின்றன.

அந்த ஒடுக்கமான வழியில் அவரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் ஏழு நிமிடம் ஆயிற்று. வெளியே வந்ததும் டிக்கெட் வரிசை கை தட்டியது. விளம்பரம் என்று நினைத்தார்கள். மருத்துவமனையில் நெற்றியில் இருந்த பொய்க் காயத்தைப் பார்த்துவிட்டு, எங்கே விழுந்தார், எதில் மோதினார் என்று கேட்டார்கள். மேக்கப் என்று நான் சொன்னது அவர்களுக்கு முதலில் ஏறவில்லை. பஞ்சால் துடைத்துப் பார்த்து நம்ப இன்னொரு நாலு நிமிடம்.

உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் தங்கவில்லை. முன்னமே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது” என்றார்.

மருத்துவச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, நாலாம் அறைக்கு ஒரு ரப்பர் பொம்மை வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் ஒழுகுகிற பொம்மை. என் ரிஜிஸ்டரில் அந்த மூன்று பேட்சுக்கு நேரே இருந்த கோடுகளைப் பார்த்துத்தான் முதலாளி அதைச் செய்யக் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று சொன்னேன். “அவருக்கும் மாசாமாசம் ஏதாவது குடுக்கணும்ல அண்ணே? அது எங்கேருந்து வரும்?” என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் மேசையை விட்டு வந்துவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

செவ்வாய்தோறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். போன வாரம் அவர் மனைவி கேட்டார்.

“அண்ணே, நீங்க எல்லாத்துக்கும் டைம் எழுதுவீங்களே. அன்னைக்கு அவரு எத்தன நிமிஷம் அப்படிக் கெடந்தாரு?”

கணக்கு என்னிடம் இருந்தது. பதினாலாவது பேட்ச் நாலாம் அறையில் நின்றது மூன்று ஐம்பத்து நாலு. நாங்கள் போனது நாலு இருபத்தொன்று.

“இருபத்தேழு” என்றேன். சுவிட்ச் இருந்த பக்கத்தையும், பிரஷ் விழுந்த கையையும் சொன்னேன்.

அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தார்.

“பிரஷ்ஷு கீழ விழுந்தப்ப எடுத்துக் குடுத்ததே நான்தான் அண்ணே. சுவிட்ச் வச்சிருக்குன்னு இவரு வந்து சொன்னப்ப, எந்தப் பக்கம்னு நானும் கேக்கல.”

அப்போது நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை வலது பக்கமாகச் சரிய ஆரம்பித்தார். அவர் மனைவி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். நான் இடுப்பைப் பிடித்தேன். மூன்று முறை முயன்றோம். எனக்கு எழுபத்தொரு வயது, அவர் மனைவிக்கு ஒட்டடைக்குச்சி உடம்பு. எங்கள் இருவராலும் மாப்பிள்ளையை நிமிர்த்த முடியவில்லை.

“மாடி வீட்டுத் தம்பி ஆறரைக்கு வேலையிலேருந்து வந்துடும்” என்றார் அவர் மனைவி.

மணி ஐந்து பத்து. விழாமல் இருக்க ஒரு தலையணையைச் செருகிவிட்டு, நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளை சாய்ந்தபடியே எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.